தேய்ந்த ரயரும் தோழர் துணையும்



நம் நாட்டு வீதிகளில் இன்று மிகுதியாகக் காணப்படும் இயந்திர வாகனம் மோட்டார்ச் சைக்கிளேயாகும். உத்தியோகத்தர் கந்தோருக்குச் செல்வதும், கமக்காரர் வயலுக்குச் செல்வதும், மீன் வியாபாரி பெட்டி கட்டிச் சந்தைக்குச் செல்வதும், பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற் கொண்டுவந்து விடுவதும் அதனாலேயே. முன்னே ஒரு குழந்தை, பின்னே ஒரு குழந்தை, அதன் பின்னே தாய் என ஒரு குடும்பம் முழுவதும் இரண்டு சில்லுகளை நம்பிப் பிரயாணஞ் செய்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். இயந்திரம் பழுதுற்றால் வாகனம் நிற்கும், அவ்வளவே. சில்லு வழுக்கினாலோ, ஏறியிருப்போர் அனைவரும் வீதியில் வீழ்வர். ஆயினும், எண்ணெய் மாற்றுவதிலும் துடைத்து மினுக்குவதிலும் நாம் காட்டும் அக்கறையில் நாலில் ஒரு பங்கைத்தானும் ரயருக்குக் காட்டுவதில்லை.

தேய்ந்த ரயரை எப்போது மாற்றுவது, எவ்வாறு மாற்றுவது, அவ்வேலையில் நண்பர் துணை ஏன் வேண்டும் என்னும் மூன்றையும் இன்றைய பேச்சிற் சுருக்கமாகக் கூற விழைகின்றேன். நான் இயந்திரக் கல்வி பயின்றவனல்லன், கலைப் பட்டதாரி, பள்ளிக்கூடமொன்றின் அதிபர். எனினும், விடுமுறை நாள்களில் நண்பர் மூவருடன் மோட்டார்ச் சைக்கிளில் ஊர் பார்க்கச் செல்லும் வழக்கம் எனக்குண்டு. மூவருள் ஒருவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஒருவர் கூட்டுறவுச் சங்க முகாமையாளர். மற்றவர் நீர்ப்பாசன வேலைகளில் அனுபவமுள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஆண்டுதோறும் புரட்டாதி மாதத்தில், மாரிமழை தொடங்குமுன், நால்வரும் ஒரு வீட்டு முற்றத்திற் கூடி எங்கள் சில்லுகளைப் பார்வையிடுவோம். தேய்ந்தவற்றை அன்றே மாற்றுவோம். பின்வரும் செய்திகளிற் பல அம்முற்றத்திற் கற்றவை.

முதலில் ரயர் என்பது யாதெனப் பார்ப்போம். இறப்பர்ப் பாலிலிருந்து பெறப்படும் பச்சை இறப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறைகள் நீங்கி உறுதி பெறுமென்பதை அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். காற்றடைத்த சில்லுக்கு 1845ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றொபேட் வில்லியம் தொம்சன் காப்புரிமை பெற்றார். ஆனால், அது அக்காலத்திற் பரவவில்லை. பின்னர் 1888ஆம் ஆண்டில், பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனின் முச்சக்கரச் சைக்கிளுக்கெனக் காற்றடைத்த சில்லை அமைத்தார். அதன் பின்னரே உலகம் காற்றின் மேல் ஓடத் தொடங்கியது.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1876ஆம் ஆண்டிற் பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற இறப்பர் விதைகள் இலண்டனை அடுத்த கியூ பூங்காவில் முளைக்க வைக்கப்பட்டன. அவற்றுள் ஏறக்குறைய 1,900 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவில் உள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. கிழக்குத் தேசங்களின் இறப்பர்ச் செய்கைக்கு அப்பூங்கா ஒரு தொட்டிலாயிற்று. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி ஆகிய மாவட்டங்களின் தோட்டங்களில், விடியற்காலையில் மரத்துக்கு மரம் சென்று பால் வெட்டும் தொழிலாளர்களின் உழைப்பும் இவ்வரலாற்றில் அடங்கும்.

இன்றைய ரயர் வெறும் இறப்பர் வளையமன்று. உள்ளே நைலோன் போன்ற உறுதியான நூல்களாலாகிய அடுக்குகள் உள்ளன. காற்றின் அழுத்தத்தையும் பாரத்தையும் தாங்குவன அவையே. இரு விளிம்புகளிலும் எஃகுக் கம்பி வளையங்கள் உண்டு. றிம்மை இறுகப் பற்றிக்கொள்வன அவை. வெளியே வீதியைத் தொடும் பகுதியே தடிப்பான இறப்பர்த் தடம். அதிற் கரித்தூள் கலந்திருப்பதனாலேயே ரயர் கறுப்பாகவும் தேய்வுக்கு எளிதில் இணங்காததாகவும் இருக்கின்றது. தடம் தேயலாம், தேய்வதற்கென்றே அது அமைந்தது. நூலடுக்கு வெளியே தெரியும்வரை ஓடலாமென எண்ணுவது, வீட்டின் வளை முறியும்வரை கூரை வேயாதிருப்பதற்கு ஒப்பாகும்.

இனி ஒரு சிறு கணக்கு. இருவர் ஏறிய மோட்டார்ச் சைக்கிளின் பின்சில்லிற் சுமார் 330 இறாத்தற் பாரம் இறங்குகின்றதென வைத்துக்கொள்வோம். ரயரினுள் சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் அழுத்தமுள்ள காற்று இருக்கின்றது. பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால், ரயர் வீதியைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 10 சதுர அங்குலமென வரும். அஃதாவது, ஓர் உள்ளங்கையளவு. முன்சில்லு தொடும் பரப்பு இதனினுங் குறைவு. ஓடுவதும், திரும்புவதும், நிற்பதும் ஆகிய எல்லாம் இவ்விரு சிறு பரப்புகளின் பிடியிலேயே தங்கியுள்ளன. பிறேக் எவ்வளவு நல்லதாயினும் அது சில்லைத்தான் நிறுத்தும். வாகனத்தை நிறுத்துவது ரயர்.

ரயரிலுள்ள வெட்டுகள் எதற்கு? பலர் அவை வீதியைக் கவ்விப் பிடிப்பதற்கென எண்ணுகின்றனர். உலர்ந்த நல்ல தார் வீதியில் அவ்வெட்டுகளாற் பெரும் பயனில்லை. பந்தயத் திடலில் வெயில் நாளிற் பூட்டப்படும் ரயர்கள் வெட்டே இல்லாத மொட்டை ரயர்களாக இருப்பதை நேயர்களிற் சிலர் அறிந்திருப்பர். வெட்டுகளின் முக்கிய வேலை நீரை அகற்றுவது. நனைந்த வீதியிற் சில்லு உருளும்போது அதன் கீழ் அகப்படும் நீர் வெட்டுகளின் வழியே வெளியேறும். இறப்பர் வீதியைத் தொடும். வெட்டு ஆழம் குறைந்துவிட்டால் நீர் செல்ல வழியில்லை. அப்போது இறப்பருக்கும் வீதிக்குமிடையே ஒரு நீர்ப்படலம் நின்றுவிடும். வாகனம் வீதியின் மேலன்றி நீரின் மேல் ஓடும்.

தேய்ந்த ரயரின் வஞ்சகம் இங்கேதான் இருக்கின்றது. பங்குனியிலும் சித்திரையிலும் வைகாசியிலும் அது நன்றாகவே ஓடும். ஓடுபவர், "இதற்கென்ன குறை?" என்று கேட்பார். ஐப்பசியில் முதல் மழை விழும். பல மாதம் வீதியிற் படிந்திருந்த தூசியும் எண்ணெயும் அந்நீரிற் கலந்து சவர்க்காரம் போலாகும். கோடை முழுவதும் பொய் சொல்லிய ரயர் அன்றைக்கு உண்மை சொல்லும். ஆகவேதான், ரயரை மாற்றுவதற்கு உகந்த காலம் மழைக்கு முந்திய மாதமென்கின்றோம். வடக்குக் கிழக்கில் உள்ளோருக்கு அது புரட்டாதி. தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதியினருக்குச் சித்திரை.

தேய்வை அறிவதற்கு எளிய வழிகள் உள்ளன. தடத்தின் வெட்டுகளுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் அமைக்கப்பட்டிருக்கும். அவை இருக்குமிடத்தைக் காட்ட ரயரின் பக்கத்தில் ஒரு சிறு முக்கோணமோ எழுத்தோ பொறிக்கப்பட்டிருக்கும். மோட்டார்ச் சைக்கிள் ரயர்களில் அம்மேட்டின் உயரம் பெரும்பாலும் 0.8 மில்லிமீற்றர். தடம் தேய்ந்து அம்மேட்டுடன் சமமாகிவிட்டால் ரயரின் ஆயுள் முடிந்தது. ஆனால், மழைக்கால ஓட்டத்துக்கு அதுவரை காத்திருத்தல் தகாது. 2 மில்லிமீற்றர் ஆழத்திலேயே மாற்றுவது நன்று. அளவுகோல் இல்லாதவர் ஒரு தீக்குச்சியை வெட்டினுள் கிடையாக வைத்துப் பார்க்கலாம். தீக்குச்சியின் தடிப்பு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். குச்சி வெட்டுக்கு மேலே தலைகாட்டுமாயின் புதிய ரயருக்கு நாள் வந்துவிட்டது.

தேய்வு மட்டும் குற்றமன்று, முதுமையுங் குற்றமே. குறைவாக ஓடிய வாகனத்தின் ரயரிலும் வெயிலாலும் காலத்தாலும் பக்கங்களில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். ரயர் செய்யப்பட்ட காலத்தை அதன் பக்கத்திலேயே காணலாம். நீள்வட்டக் கட்டத்தினுள் நாலு இலக்கங்கள் இருக்கும். முதலிரண்டும் வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையுங் குறிக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்பது பொருள். ஐந்து ஆண்டு கடந்த ரயரை ஆண்டுதோறும் நுணுகிப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டு கடந்ததை, வெட்டு எவ்வளவு ஆழமாக இருப்பினும், விலக்கிவிட வேண்டும். கடையிற் புதிதென விற்கப்படும் ரயரிலும் இவ்விலக்கத்தைப் பார்த்தே வாங்குக.

மற்றொரு செய்தி. மொட்டையான ரயரிற் சூட்டுக் கத்தியாற் புதிய வெட்டுப் போட்டு விற்பவர்களும் உளர். பார்வைக்கு அது புதிய ரயர் போலத் தோன்றும். உண்மையில், எஞ்சியிருந்த சிறிதளவு இறப்பரையும் கீறி நூலடுக்குக்கு அருகே கத்தியைக் கொண்டுசென்றதே அவர்கள் செய்த வேலை. அத்தகைய ரயரை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்கற்க.

நண்பர் துணைக்கு இனி வருகின்றேன். மோட்டார்ச் சைக்கிள் ஓடுபவர் தம் முன்சில்லைக் குனிந்தேனும் பார்ப்பார். தம் பின்சில்லைப் பார்ப்பதேயில்லை. ஆனால், இரண்டினுள் விரைந்து தேய்வது பின்சில்லே. இயந்திரத்தின் இழுவையும் பாரத்திற் பெரும்பகுதியும் அதன் மேலேயே விழுகின்றன. நாவற்குழியிலிருந்து பூநகரி வழியாக மன்னார் செல்லும் நேரிய வீதியில் நாங்கள் பலமுறை போயிருக்கின்றோம். வளைவு குறைந்த அத்தகைய வீதிகளிற் பின்ரயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகும். ஓரங்களில் வெட்டு ஆழமாகவே தெரியும். அருகே நின்று பார்ப்பவர் ஓரத்தைப் பார்த்து ஏமாறுவார். பின்னே வரும் நண்பருக்கே நடுப்பகுதி நேராகத் தெரியும்.

அவ்வாறுதான் ஒருமுறை, சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து தேநீருக்கு நின்றபோது, தொழில்நுட்ப உத்தியோகத்தர் எங்கள் கணித ஆசிரியரிடம், "மாஸ்ரர், உங்கள் பின்சில்லு மொட்டையாகிவிட்டது. இனி இதில் ஓடக்கூடாது" என்றார். ஆசிரியர் சிரித்துக்கொண்டு, "தம்பி, இன்னும் இரண்டு மாதம் இழுக்கும். மழை வரட்டும், பார்ப்போம்" என்றார். முகாமையாளர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "மாஸ்ரர், நாளைக் காலையிற் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போவது இந்தச் சில்லிலேதானே?" என்று மட்டுங் கேட்டார். ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் வழமையிலும் மெதுவாகவே ஓடினார்.

அவர் ரயரை மாற்றாதிருந்தது அறியாமையாலன்று என்பதைப் பின்னர் உணர்ந்தோம். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு ஒரு ரயரின் விலை சிறு தொகையன்று. மருந்துச் செலவுண்டு, பேத்தியின் படிப்புச் செலவுண்டு. ரயர் வாய் திறந்து கேட்பதில்லை. ஆதலின் அதன் முறை எப்போதும் பின்தள்ளப்படும். நம்மிற் பலருடைய நிலையும் இதுவே. ஆகவே, அவ்வாரமே நாங்கள் நால்வரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாதந்தோறும் ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகையை முகாமையாளரிடங் கொடுப்பது. புரட்டாதியில் எவருடைய ரயர் அதிகந் தேய்ந்திருக்கின்றதோ அவருக்கு முதலில் வாங்குவது. முதல் ரயர் ஆசிரியருக்கே வாங்கப்பட்டது. இது தருமமன்று, சீட்டுப் போன்ற முறை. அடுத்த ஆண்டு என் முறை வந்தது. வாசிகசாலையிலோ, கந்தோரிலோ, மீன்பிடிச் சங்கத்திலோ கூடும் நேயர்கள் இம்முறையைப் பின்பற்றிப் பார்க்கலாம்.

இனி ரயரைத் தெரிவு செய்தல். வாகனம் செய்தவர்கள் குறித்த அளவையே வாங்க வேண்டும். 3.00-18 எனப் பொறித்திருந்தால் ரயரின் அகலம் 3 அங்குலம், றிம்மின் விட்டம் 18 அங்குலம் என்பது கருத்து. 100/90-17 என்றிருந்தால் அகலம் 100 மில்லிமீற்றர். உயரம் அகலத்தின் 90 சதவீதம். றிம்மின் விட்டம் 17 அங்குலம். அடுத்து 52P என்பது போன்ற குறி வரும். 52 என்னும் எண் 200 கிலோகிராம் பாரத்தையும், P என்னும் எழுத்து மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தையும் அந்த ரயர் தாங்கும் எல்லையாகக் குறிக்கும். அழகுக்காக அகன்ற ரயர் பூட்டுவது நன்றன்று. அது றிம்மிற் சரியாக அமராது, சங்கிலியில் உராயவுங்கூடும். ரயர் மாற்றும்போது ரியூப்பையும் புதிதாக இடுதல் சிறந்தது. பழைய ரியூப் நீண்டு தளர்ந்திருக்கும். புதிய ரயரினுள் மடிப்பு விழும்.

வேலைக்கு வருவோம். சமதரையில் வாகனத்தை இரட்டைத் தாங்கியில் நிறுத்துக. ஒருவர் முன்னே பிடித்துக்கொள்ள, மற்றவர் பின்சில்லைக் கழற்றுதல் வேண்டும். அச்சு நட்டின் ஊசியைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, பிறேக் கம்பியையும் பிறேக் தட்டைப் பிடிக்கும் தாங்குதண்டையும் விடுவித்து, அச்சை உருவினால் சில்லு வெளியே வரும். கழற்றுமுன், சங்கிலியை இழுத்துப்பிடிக்கும் அமைப்பு எந்தக் கோட்டில் நிற்கின்றதென இரு பக்கமும் குறித்துக்கொள்க. கழற்றிய வளையம், நட்டு, குழாய் என்பவற்றை ஒரு வெள்ளைத் துணியிற் கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்குக. எங்கள் முற்றத்தில் இப்பொறுப்பு கணித ஆசிரியருக்குரியது. அவர் ஒவ்வொன்றின் கீழும் இலக்கம் எழுதிவிடுவார். கடைசியில் ஒரு வளையம் மிஞ்சிக் கிடக்கும் ஆபத்து எங்களுக்கு நேர்ந்ததில்லை.

அடுத்து, வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றுக. வால்வைப் பிடித்திருக்கும் நட்டையும் கழற்றுக. பின் சில்லைத் தரையிற் கிடத்தி, ரயரின் விளிம்பைச் சுற்றிவர மிதித்து றிம்மிலிருந்து விலக்குக. இரு பக்கமும் இவ்வாறு செய்தல் வேண்டும். இங்கு ஓர் இரகசியம் உண்டு. றிம்மின் நடுப்பகுதி ஓரங்களைவிடப் பள்ளமானது. ரயரின் விளிம்பு எஃகுக் கம்பியாதலின் நீளாது. ஆனால், ஒரு பக்கத்து விளிம்பை அப்பள்ளத்துள் அமர்த்தினால், எதிர்ப்பக்கத்தில் அதற்கேற்ப இடந் தளரும். இதனை அறியாதவர் நெம்புக்கம்பியில் முழுப் பலத்தையும் பிரயோகித்து ரியூப்பைக் கிழிப்பார்; றிம்மை வளைப்பார்; தம் விரலையும் நசிப்பார். அறிந்தவர், நண்பரை எதிர்ப்பக்கத்தில் முழங்கால் ஊன்றி விளிம்பைப் பள்ளத்துள் அழுத்தச் சொல்லிவிட்டு, வால்வுக்கு அருகே தொடங்கி, மூன்று விரலகலத்துக்கு ஒருமுறை மெல்ல நெம்பிச் செல்வார். கம்பி கையை எதிர்க்குமாயின் பலத்தைக் கூட்டற்க, எதிர்ப்பக்கத்தைப் பார்க்க. ஒரு விளிம்பு வெளிவந்ததும் ரியூப்பை உருவி, மறு விளிம்பையும் கழற்றுக.

வெறும் றிம் கையிலிருக்கும் அந்நேரம் பொன்னான நேரம். ஆரக்கம்பிகளின் முனைகள் உள்ளே துருத்தி நிற்கின்றனவா, அவற்றை மூடும் இறப்பர்ப் பட்டி வெடித்திருக்கின்றதா, துரு ஏறியிருக்கின்றதா எனப் பார்க்க வேண்டும். துருவைச் சுரண்டித் துடைத்து, பழுதான பட்டியை மாற்றுக. தளர்ந்த ஆரக்கம்பி தட்டும்போது மந்தமான ஒலி தரும், இறுகியது கணீரென்னும். சில்லின் உருளைகளிற் கரகரப்பு உண்டாவென அச்சைச் சுழற்றிப் பார்க்கவும் இதுவே தருணம்.

புதிய ரயரின் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். சில்லு முன்னோக்கி உருளும் திசையிலேயே அம்பு நோக்க வேண்டும். தவறாகப் பூட்டினால் வெட்டுகள் நீரை வெளியே தள்ளமாட்டா. சில ரயர்களில் மஞ்சட் புள்ளி ஒன்றும் உண்டு. அது ரயரின் பாரங் குறைந்த இடம். வால்வுக்கு நேரே வரவேண்டும். விளிம்புகளிற் சவர்க்கார நீர் தடவுக. எண்ணெயோ கிறீசோ தடவற்க. அவை இறப்பரைக் கெடுப்பதுடன், ரயரை றிம்மிற் சுழலவும் விடும். ஒரு விளிம்பை ஏற்றிய பின், ரியூப்பிற் சிறிதளவு காற்றடித்து அது உருண்டை வடிவம் பெறச் செய்து உள்ளே வைக்க. காற்றில்லாத ரியூப் மடிந்து நெம்புக்கம்பிக்கு இரையாகும். வால்வைத் துளையில் நுழைத்து, அதன் நட்டை இரண்டு சுற்று மட்டும் முடுக்குக. மறு விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரு கைகளாலும் அழுத்திக்கொண்டே வந்து, வால்வருகே முடிக்க வேண்டும். கடைசிச் சாண் நீளத்துக்கே கம்பி தேவைப்படும். அவ்வேளை வால்வை ஒருமுறை உள்நோக்கித் தள்ளிவிடின், ரியூப் விளிம்பின் கீழ் அகப்படாது.

காற்றடிக்கும்போது, ரயரின் பக்கத்தில் றிம்மை ஒட்டிச் செல்லும் மெல்லிய வரையைக் கவனிக்க. அது சுற்றிவர றிம்மிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். ஓரிடத்தில் அமிழ்ந்திருந்தால் காற்றை விட்டு, மீண்டும் சவர்க்கார நீர் தடவி அடிக்க வேண்டும். விளிம்பை அமர்த்துவதற்காகக் கூட 40 இறாத்தலுக்கு மேல் ஏற்றலாகாது. முகத்தையும் விரல்களையும் சில்லுக்கு நேரே வைக்கலாகாது. சரியாக அமர்ந்ததும் காற்றை ஒருமுறை முழுவதும் விட்டு மறுபடி அடித்தால், ரியூப் மடிப்பின்றிப் பரவும். பின், வாகனக் கைந்நூலில் ஒருவருக்கும் இருவருக்கும் எனக் குறித்த அழுத்தத்துக்குக் கொண்டுவருக. அழுத்தத்தைச் சில்லு குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிய சில்லிற் காற்று சூடேறி அளவு கூடித் தோன்றும். காற்றுக் குறைந்தால் ரயரின் பக்கங்கள் ஓயாது மடிந்து சூடேறிச் சிதையும். காற்றுக் கூடினால் தொடும் பரப்புச் சுருங்கி நடுப்பகுதி விரைந்து தேயும்.

சில்லை மீண்டும் பூட்டும்போது கழற்றிய ஒழுங்கின் மறுதலையே ஒழுங்கு. சங்கிலி நடுவிலே ஏறக்குறைய ஓர் அங்குலம் மேலுங் கீழும் ஆடுவது பெரும்பாலான சிறிய வாகனங்களுக்குப் போதும். முன்னர் குறித்த கோடுகள் இரு பக்கமும் ஒத்து நிற்க வேண்டும். அச்சு நட்டுக்குப் புதிய ஊசியிடுக. தாங்குதண்டின் நட்டை மறவற்க; அது கழன்றால் பிறேக் தட்டே சுழன்று சில்லை இறுக்கிவிடும். பின்னர், ஒருவர் இறுக்கிய நட்டை மற்றொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் சரிபார்த்த நட்டில் வெண்கட்டியால் ஒரு கோடு இடுவோம். இறுக்கியவர் கோடிடலாகாது என்பது எங்கள் சட்டம். பரீட்சை எழுதியவரே விடைத்தாளைத் திருத்தலாகாதன்றோ? களைப்பினாலும் பேச்சினாலும் ஒருவர் விட்டதை மற்றவர் கண் காணும். வாகனம் நகருமுன் பிறேக்கை அழுத்திப் பார்த்து, சில்லைக் கையாற் சுழற்றியும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் ரியூப் உள்ள ரயர்களுக்கே பொருந்தும். ரியூப் இல்லாத ரயர்களின் விளிம்பு றிம்மைக் காற்றுப் புகாதபடி இறுகப் பற்றியிருக்கும். அதைக் கழற்றவும் மீள அமர்த்தவும் தக்க பொறியும் காற்றழுத்த இயந்திரமும் வேண்டும். அவற்றைத் திருத்துநரிடமே கொண்டுசெல்க. அங்கும் அம்புக்குறியையும் இலக்கத்தையும் நட்டுகளையும் பார்க்க ஒரு நண்பர் உடனிருத்தல் நலம்.

புதிய ரயர் பூட்டியதும் வேகமாக ஓடற்க. அதன் மேற்பரப்பு வழுவழுப்பானது. முதல் 150 கிலோமீற்றர் வரையில் வளைவுகளில் அதிகஞ் சாய்தலையும் சடுதியான பிறேக்கையும் தவிர்க்க வேண்டும். மேற்றோல் சிறிது உராய்ந்த பின்னரே முழுப் பிடி பிறக்கும். முதல் நாளிலே மழை பெய்தால் இரட்டிப்பு அவதானம் வேண்டும்.

இறுதியாக, கழற்றிய பழைய ரயரை என்செய்வது? வேலியோரத்தில் எறிந்துவிட்டுப் போவோமாயின், வீதியில் விலக்கிய ஆபத்தை வீட்டு முற்றத்துக்கு அழைத்தவராவோம். ரயரின் உட்குழிவில் எப்பக்கம் புரட்டினும் சிறிது மழைநீர் தங்கும். டெங்குவைப் பரப்பும் நுளம்பு நிழலில் தேங்கிய அத்தகைய நீரோரத்திலேயே முட்டையிடும். நீர் வற்றினும் அம்முட்டைகள் பல மாதம் உலர்ந்து கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயுற்றனர் என்பதை மறத்தலாகாது. ரயரை எரித்தலும் தகாது. அதன் கரும்புகை நச்சுத் தன்மையுடையது. பழைய ரயரைச் சேகரிப்போரிடமோ, உள்ளூராட்சிச் சபையினரின் சேகரிப்பிலோ ஒப்படைக்கலாம். வைத்திருக்க வேண்டுமாயின் கூரையின் கீழ் வைக்க. அல்லது, நீர் தங்காதவாறு துளைகள் இட்டு, மண் நிரப்பிச் செடி நடுக. ஆசிரியரின் அந்த மொட்டை ரயர் எங்கள் பள்ளிக்கூடத் தோட்டத்தில், மண் நிறைந்து, ஒரு கத்தரிச் செடியைத் தாங்கிக்கொண்டிருக்கின்றது.

நேயர்களே, நாளைக் காலையில் வாகனத்தை எடுக்குமுன் ஒரு தீக்குச்சியுடன் பின்சில்லருகே குனியுங்கள். வீதியில் முன்னே செல்லும் நண்பரின் பின்சில்லையும் பாருங்கள். குறை கண்டால் கூசாது சொல்லுங்கள். அவர் முதலில் முகஞ் சுளிக்கலாம். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வீடு சேர்ந்த பின் உங்களை நினைப்பார்.